மாடி வீட்டு விண்கலம்

"பன்னிரண்டு சனிக்கிழமை. அந்தத் தொடர் இருக்கிற பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். போதுமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

சொல்லி முடித்ததும் தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவரே திடுக்கிட்டார். ஆனால் வார்த்தை விழுந்துவிட்டது. எதிரில் மனைவி அதைப் பத்திரமாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வாரம் முழுக்க ஊரார் பார்வையைத் தேய்த்துச் சரிசெய்வார். சனிக்கிழமை அரைநாள் வேலை. நாலு மணிக்கு, தன் பார்வைக்கென்று அவர் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. 'சுடரோன்' என்ற தொலைக்காட்சித் தொடர். வழி தவறிப்போன ஒரு விண்கலம், அதில் பதினொரு பேர், வீடு திரும்பத் தவிக்கிறார்கள். ஆறு வருஷமாகத் தவிக்கிறார்கள். ஆறு வருஷமாக இவரும் கூடவே தவிக்கிறார். வீட்டின் பின் அறை இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு சின்ன டிவி, கூரையிலிருந்து நூலில் தொங்கும் ஏழு அட்டைக் கப்பல்கள். கதவில் அவர் கைப்பட எழுதியது: 'கட்டுப்பாட்டு அறை'. வீட்டில் அவர் கட்டுப்பாட்டில் இருந்த அறை அது ஒன்றுதான்.

வெடிப்பதற்காகவும் பறப்பதற்காகவும் அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு தகர டப்பாவுக்குள் பதினொரு பேர் அடைந்து கிடக்கிறார்கள். வெளியே போனால் உயிர் போய்விடும் என்பதால் யாரும் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுக் கிளம்ப முடியாது. கைக்குக் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பிழைத்துக்கொள்வார்கள். கடையில் ஒரு கண்ணாடிக் காம்பை ஒட்டவே இவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஏக்கம் யாருக்குப் புரியும்?

மனைவிக்குப் புரியவில்லை. அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பதவி உயர்வுத் தேர்வு எழுதப்போகிறாள். படிக்க ஒரு மேஜையும், சாத்திக்கொள்ள ஒரு கதவும் வேண்டும். அந்த வீட்டில் ஒழுங்காகச் சாத்தக்கூடிய கதவு கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும்தான் இருந்தது.

"ஆறு வருஷமா அந்தக் கப்பல் வீடு வந்து சேரலன்னு கண் கலங்கறீங்க. நான் தினமும் ரயில்ல போய் வீடு வந்து சேர்றேன். என்னை யாரு பார்க்கிறா?"

"அது அறிவியல்மா."

"என்ன அறிவியல்? முந்நூறு வருஷம் கழிச்சு நடக்கிற கதைங்கறீங்க. அப்பவும் கேப்டனுக்குத் தட்டுல சாப்பாடு கொண்டுவர்றது அந்தப் பொண்ணுதானா?"

"அவங்க தலைமைப் பொறியாளர்."

"அப்ப இன்னும் மோசம். அவ்வளவு படிச்சிட்டு வந்து தட்டு தூக்கறாங்க."

இதற்கு அவரிடம் பதில் இல்லை. நியாயமாகப் பார்த்தால், தொடரை எழுதியவர்களிடமும் இருந்திருக்காது. பதில் இல்லாத ஆண்கள் வழக்கமாகச் செய்வதை அவரும் செய்தார். வீராப்புப் பேசினார். நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன் என்றார். விட்டுக்காட்டுங்க என்றாள். அப்படித்தான் பன்னிரண்டு சனிக்கிழமை வந்தது.

"நடுவுல ஒரு வாரம் பார்த்தாலும் அந்த ரூம் எனக்கு" என்றாள்.

"பார்க்கலேன்னா?"

"ரூம் உங்களுக்கு. அந்த ஏழு கப்பலுக்கும் ஆயுசுக்கும் நானே தூசி தட்டறேன். பன்னிரண்டாவது சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் கணக்கு."

முதல் சனிக்கிழமை, மூன்று ஐம்பதுக்கு அவர் ஷூ மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நடைப்பயிற்சி. டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"பொதுவா, டாக்டர்கள்."

தெருமுனை வரை விறுவிறுவென்று நடந்தார். மருந்துக்கடையைச் சுற்றித் திரும்பினார். பின்பக்கப் படிக்கட்டில் பூனைபோல் ஏறி, தன் வீட்டுக்கு நேர்மேலே குடியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டில் போய் உட்கார்ந்தார். தபால்காரருக்குக் காது மந்தம். அவர் டிவி போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும். விருந்தாளிக்கென்று அங்கே இருந்தது ஒரு முக்காலி மட்டுமே. இரண்டு வாரம் அதில் குந்தியிருந்ததில் முதுகு போயிற்று.

"நடந்தா கால்தானே வலிக்கும்? உங்களுக்கு எப்படி முதுகு வலிக்குது?" என்று கேட்டுக்கொண்டே மனைவி தைலம் தேய்த்துவிட்டாள்.

"நான் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறேன்."

மூன்றாவது வாரம் போனால், முக்காலி இருந்த இடத்தில் மெத்தை வைத்த பிரம்பு நாற்காலி ஒன்று கிடந்தது. "ஏது தாத்தா இது?" என்று கத்தினார். "கதை ஆரம்பிச்சாச்சு, உட்காரு தம்பி" என்று தபால்காரர் திரையைக் காட்டினார். என்ன பெரிய மனசு இவருக்கு என்று நெகிழ்ந்துபோய்ச் சாய்ந்துகொண்டார் கண்ணாடிக்காரர்.

அந்த மாதத்தில் ஒருநாள், சாப்பிடும்போது மனைவி தன் வேலையில் நடந்ததைச் சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு ஆள். போன ஸ்டேஷன்லதான் ஏறினேன், பத்து நிமிஷம்தான் ஆச்சு, டிக்கெட் எடுக்க நேரமில்லைன்னு சாதிக்கிறார். நான் ஒண்ணும் கேட்கல. 'பாவம், இந்தப் பெட்டியில காலையிலேர்ந்து ஃபேனே ஓடலையாமே'ன்னேன். 'யாருங்க சொன்னது, மூணு மணி நேரமா நல்லாத்தான் ஓடுது'ன்னுட்டார்."

கண்ணாடிக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "மடையன். வாயை மூடிக்கிட்டு இருந்தா என்னவாம்?"

"முடியாதுங்க. உள்ளது தெரிஞ்சவங்களால தப்பைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது" என்று அவர் தலையைத் தட்டிவிட்டாள் அவள்.

வாரங்கள் ஓடின. திரும்பி வரும்போது குழாயடியில் நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வேர்வை என்று துடைத்தபடி வீட்டுக்குள் நுழைவார். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். பார்த்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஒரு தொடரைப் பார்ப்பது பாதி சுகம், பார்த்ததை அடுத்தவர் காதைப் பிடித்துச் சொல்வது மீதிப் பாதி. தபால்காரரோ முடிந்ததும் "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுவார். கதை கண்ணாடிக்காரரின் நெஞ்சுக்குள் செரிக்காமல் கிடந்தது.

பத்தாவது வாரம் மனைவி பரிவோடு ஆரம்பித்தாள். "எங்க ஸ்டேஷன் கவுண்ட்டர்ல ஒரு பொண்ணு உங்க தொடரைப் பார்க்கிறாளாம். பாவம், நீங்கதான் பார்க்கிறதில்லையே, கதையாவது தெரியட்டும்னு கேட்டுட்டு வந்தேன். கப்பல்ல இருந்த பூனை செத்துப்போச்சாம்."

பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. தாயும் சேயும் நலம். கண்ணாடிக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தார்.

பதினோராவது வாரம்: "அந்தக் கப்பல் சூரியனைத் தாண்டி நிலாவுக்குப் போயிடுச்சாம்." அவர் குளியலறைக்குப் போய்த் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை. ஆறு வருஷத்தில் அப்படி ஒரு பகுதி வந்ததில்லை. கண்ணாடிக்காரர் தேம்பி அழுதார். தபால்காரர் தன் துண்டைக் கொடுத்தார். சிவந்த கண்ணோடு கீழே வந்து, "வெளியில காத்து, தூசி" என்றார். சாப்பாடு முடிந்தது. அன்று பாத்திரம் அவர் முறை. எல்லாம் கழுவியாயிற்று. கடைசித் தட்டு கையில் இருந்தது. அதைக் கவிழ்த்துவிட்டால் அறை அவருடையது. மனைவி பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் கப்பல்ல ஓட்டை விழுந்துடுச்சாமே."

"ஓ."

"கேப்டன்தான் வெளியில தொங்கி அடைச்சாராம்."

தட்டு ஒருமுறை வழுக்கியது. பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொறியாளர் அம்மா பயந்துபோய் மேஜைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டாங்களாம். பொம்பளைதானே, பாவம், அவங்க என்ன செய்வாங்க."

"யாரு சொன்னது? ஒளிஞ்சது கேப்டன்! அந்தம்மாதான் தன்னோட ஆக்சிஜன் குழாயை அறுத்து ஓட்டையை அடைச்சாங்க. நாலு நிமிஷம் மூச்சை அடக்கிக்கிட்டு. நான் இந்த ரெண்டு கண்ணால..."

மனைவி குழாயை மூடினாள்.

"...பார்த்த மாதிரி இருக்கு" என்று அவர் முடித்தார்.

மனைவி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். "டிக்கெட்டைக் காட்டுங்க."

தோற்றதும் இடிந்துபோவோம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நடந்ததோ வேறு. பன்னிரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு ஓடிவிட்டது. இனிமேல் மருந்துக்கடையைச் சுற்ற வேண்டாம். நெற்றியில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஈரக் கையோடு நின்றபடியே அந்தப் பகுதி முழுவதையும் சொல்லித் தீர்த்தார். பூனைக்குட்டிகளைக்கூட விடவில்லை. மனைவி சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து கேட்டாள்.

"அப்ப அந்தம்மா தூக்கற சாப்பாட்டுத் தட்டு?"

"தட்டைக் கேப்டன் கையில கொடுத்துட்டுத்தான் வெளியே போனாங்க."

"ஆறு வருஷம் ஆயிருக்கு. பரவாயில்ல" என்றாள்.

"ரூம் உனக்குத்தான். கப்பலையெல்லாம் கழட்டிடறேன்."

"தொங்கட்டும். தூக்கம் வந்தா அண்ணாந்து பார்க்க ஏதாவது வேணும்."

அவர் போய்ப் பின் அறைக் கதவைத் திறந்தார். அவளும் பின்னாலேயே வந்தாள். சாய்வு நாற்காலியின் கையில் தேர்வுப் புத்தகம் விரிந்து கிடந்தது. பதினோரு பாடம் அடிக்கோடு போட்டு முடிந்திருந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் வாரமே. மேல டிவி அலறுது, நடுவுல 'கதவைத் திறக்காதே'ன்னு ஒரு கூப்பாடு. தாத்தாவுக்கு அவ்வளவு தெம்பு ஏது?"

"அப்பவே பிடிச்சிருக்கலாமே."

"பிடிச்சா கீழே வந்துடுவீங்க. மேல என்னதான் அலறினாலும், இந்தக் கதவைச் சாத்திட்டா எவ்வளவு அமைதி தெரியுமா?"

அவர் தலைக்கு மேல் தொங்கிய அட்டைக் கப்பல் ஒன்றின் தூசியை ஊதினார். பிறகு மெல்லக் கேட்டார். "இனிமே நான் எங்க பார்க்கிறது?"

"மேலதான். ஷூ மட்டும் போட வேண்டாம்." அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தப் பிரம்பு நாற்காலி முதுகுக்கு இதமாத்தானே இருக்கு? கடையில நாலஞ்சுல உட்கார்ந்து பார்த்துத்தான் எடுத்தேன்."