வாளி சிவப்பாக இருந்ததன் அரசியல்

சினிமா பார்ப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. கொலைகாரன் யார் என்பது படம் முடிந்த பிறகும் இவர்கள் மண்டையில் ஏறியிருக்காது. ஆனால் கொலை நடந்த அறையின் திரைச்சீலை ஏன் நீல நிறம் என்பது இடைவேளைக்கு முன்பே விளங்கிவிடும். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார், இல்லையா? நாம் பார்க்கப்போகிறவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பக்கத்து மேசைக்காரர்கள் கேலியாக வைத்த பெயர் குறியீட்டார். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

போன ஞாயிறு மதியக் காட்சிக்கு மனைவியோடு போனார். மனைவி மனநல மருத்துவமனையில் பதினாறு வருடமாக நர்ஸ். படம், மனதின் இருட்டைக் காட்டும் கொலைப் படமாம். ஒரு பெரிய வீடு, அடுத்தடுத்து மூன்று கொலைகள், மாடியறையில் யாரோடும் பேசாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு இளைஞன். விளக்கு அணைந்ததுதான் தாமதம், குறியீட்டார் மனைவியின் காதருகே சாய்ந்தார்.

"மாடிப்படியைக் கவனிச்சியா? கீழ இருக்கிறவன் மேல வரவே முடியாது. வர்க்கம்."

"ம்."

"வாளி சிவப்பு. சும்மா வைப்பாங்களா?"

"துணி ஊற வச்சிருக்காங்க."

முன்வரிசைக்காரர் இரண்டு முறை திரும்பி முறைத்தார். குறியீட்டார் அதையும் அடக்குமுறையில் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் மாடியறை இளைஞன்தான் கொலைகாரன் என்றாகி, அவனைக் கட்டி இழுத்துப் போனார்கள். அரங்கமே கைதட்டியது. குறியீட்டாரும் தட்டினார். மனைவி தட்டவில்லை.

பேருந்தில் அதிகாரம், விளிம்பு, கட்டமைப்பு என்று மூன்று நிறுத்தம் வரை மூச்சுவிடாமல் பேசினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற?"

"என் வார்டுல ஒரு பையன் இருக்கான். இந்த மாதிரிதான், யார்கிட்டயும் பேச மாட்டான். குணமாயிடுச்சு, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பறோம். அவன் அக்கா தினம் போன் பண்ணி, குழந்தைங்க இருக்கிற வீடு, பயமா இருக்குன்னு அழறா. மாத்திரை சாப்பிடறவன்னா கொலைகாரன். அதுக்குத்தானே நீங்களும் கைதட்டினீங்க?"

குறியீட்டாருக்குச் சுருக்கென்றது. திரையை அடைத்துக்கொண்டு நின்ற அரசியல், போயும் போயும் ஒரு வாளிக்குப் பின்னால் மறைந்துவிட்டதே. வீடு வரை எந்தக் கடைப்பலகையிலும் குறியீடு தேடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இதுவே முதல் முறை.

ஆனால் ரகம் மாறுமா? வீட்டுக்கு வந்ததும் 'மனநோயாளியைக் கொலைகாரனாக்கும் பொதுப்புத்தி' என்று முகநூலில் நீளமாக எழுதிப் போட்டார். ஏதோ பிறந்ததிலிருந்தே அப்படி நினைத்தவர் மாதிரி. நாற்பது பேர் பாராட்டினார்கள். மனைவி படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா இருக்கு. கைதட்டினதையும் எழுதிடுங்க."

அரை மணி நேரம் கூடத்தில் நடந்தார். பிறகு கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'நானும் கைதட்டினேன், வெட்கமாக இருக்கிறது.'

மறுநாள் மனைவி அதை அந்த அக்காவுக்கு அனுப்பினாள். மாலையில் பதில் வந்தது: 'கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன், சிஸ்டர். தம்பியைக் கூட்டிட்டுப் போக நானே வர்றேன்.'

சிரித்தீர்கள், சரி. ஆனால் அந்த மனைவியை ஏன் ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கிறேன் என்று நடுவில் ஒரு நொடி யோசித்தீர்களா? யோசித்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். அங்கே காற்று வரும், அவ்வளவுதான்.