எரியும், ஆனால் செல்லாது

செல்லாதுக்காரர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. அவரைத் தேடி அலைய வேண்டாம். எந்த அலுவலகத்திலும் சன்னலோர மேசையில் இருப்பார். எந்தக் குடும்பத்திலும் புதிதாக ஒரு பேச்சு எழும்போது செருமிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். "அப்படி ஒண்ணு கிடையாதே."

நம் செல்லாதுக்காரர் எண் பலகைகள் செய்யும் பட்டறையில் பரிசோதனைப் பிரிவின் தலைவர். லிஃப்டில் மாடி எண், வங்கியில் டோக்கன் எண், எல்லாம் அவர் சரி என்றால்தான் வெளியே போகும். மின்சாரத்துக்குத் தெரிந்தது இரண்டே சொல்: உண்டு, இல்லை. நாம் எழுதும் ஒவ்வோர் இலக்கத்தையும் அந்த இரண்டை வைத்தே சொல்லியாக வேண்டும். அதற்காகப் பலகையின் உள்ளே ஓர் இலக்கத்துக்கு நான்கு குட்டி விளக்குகள்; அவை எரியும் விதத்தைப் பார்த்து முன்பக்கம் எண்ணாக வரையும். அவற்றின் மதிப்பு எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று. ஒன்பது வேண்டுமென்றால் எட்டுக்கான விளக்கும் ஒன்றுக்கான விளக்கும் எரியும். எல்லாம் அணைந்திருந்தால் பூஜ்யம்.

நான்கு விளக்குகளைப் பதினாறு விதமாக எரியவிடலாம். இலக்கங்களோ பத்துதான். மீதி ஆறு? எட்டும் இரண்டும் சேர்ந்து எரிந்தால் பத்துதானே என்று உங்கள் நாக்கு துடிக்கும். இல்லை. பத்து என்பது இரண்டு இலக்கம். ஒன்றுக்கு நான்கு விளக்கு, பூஜ்யத்துக்கு நான்கு விளக்கு என்று தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். ஆகவே அந்த ஆறு கோலங்களும் செல்லாதவை. பலகையில் அவற்றில் ஒன்று தலைகாட்டினால் நம்மவர் பூனைபோலப் பாய்ந்து பிடிப்பார். தொழில் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் மனிதர் மாலையில் செல்லுபடியாகும் அந்தப் பத்துக் கோலங்களையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறாரே, அங்கேதான் வில்லங்கம். மகன் ஓவியம் படிக்கிறேன் என்றான். அப்படி ஒரு படிப்பு கிடையாது. மனைவி ஞாயிற்றுக்கிழமை அடுப்பைத் தொட மாட்டேன் என்றாள். அப்படி ஒரு கிழமை கிடையாது. பட்டறையிலும் அதே கதைதான்: பரிசோதனை மேசைக்கு ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். பெண்ணுக்கு ஒயர் பற்றவைக்கிற மேசைதான், இந்த மேசை கிடையாது. தகப்பன் பெயர் சொல்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பக்கத்து வீட்டுக்காரியும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. இதையெல்லாம் அவர் கோபமாகச் சொன்னதே இல்லை. அநியாயத்தை இத்தனை அமைதியாகச் செய்ய நல்ல பயிற்சி வேண்டும்.

இப்படி இருக்கையில் அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது, கணவர் இறந்து வெகுகாலம், மருந்துக் கடையில் வேலை. அந்தக் கடைக்கு மருந்துப் பெட்டிகள் கொண்டுவரும் வேன் ஓட்டுநரை வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறார். சாட்சிக் கையெழுத்துக்குத் தம்பி வர வேண்டும். அதைச் சொல்லிவிட்டு அவர் காத்திருந்தபோது, நம்மவரின் தொலைபேசி ஒலித்தது. லிஃப்டில் எண்ணுக்குப் பதிலாகக் கொக்கிபோல ஏதோ தெரிகிறது என்று யாரோ வாடிக்கையாளர் புலம்பினார்.

"அது செல்லாத கோலம், ஆனா எரியும் சார். மத்ததெல்லாம் எப்படி எரியுதோ அதே மாதிரிதான் எரியும், அதே கரண்ட்தான். நாமதான் அதை ஒரு எண்ணா எடுத்துக்கிறதில்லை," என்று விளக்கி முடித்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "அம்பத்திரண்டு வயசுல கல்யாணம்னு ஒண்ணு கிடையாதுக்கா."

"கிடையாதா, நீ எடுத்துக்கிறதில்லையா?"

நம்மவர் ஊர் சிரிக்கும் என்றார், உறவு முறிந்துபோகும் என்றார், அந்த வேன்காரரின் சம்பளம் என்ன என்று விசாரித்தார். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"எனக்கும் அதே கரண்ட்தான்டா," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறையில் ஒரு பலகை எட்டையும் இரண்டையும் சேர்த்து ஏற்றியது. தள்ளிவைக்கக் கை நீட்டியவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பளிச்சென்று எரிகிறது! திடீர் அரைநாள் லீவு என்று ஒன்று கிடையவே கிடையாது என ஊழியர்களிடம் ஓதிவந்தவர், திடீரென்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினார்.

உள்ளே அக்கா பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மருந்துக் கடைக்காரரும் அவர் மனைவியும் சாட்சி போட்டு முடித்திருந்தார்கள். எழுத்தர் வாசலில் மறித்து, நீங்கள் யார் என்றார்.

"பொண்ணோட தம்பி."

எழுத்தர் காகிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "தம்பியா? கூடப் பொறந்தவங்கன்னு யாரும் கிடையாதுன்னு சொன்னாங்களே."

வியர்த்து, மூச்சு வாங்கி, முகம் சிவந்து வாசலில் நின்ற மனிதர் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தார். கணக்கில்தான் வரவில்லை. அக்கா திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "வந்துட்ட இல்ல, போட்டோவுக்கு ஓரமா நின்னுக்கோ," என்றார்.

நல்லவேளை, நாம் அந்த இனம் இல்லை என்று பெருமூச்சு விடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அக்காவின் வயதைப் படித்ததும் உங்கள் புருவம் கொஞ்சம் மேலே போனதே, அது எதற்கு?