காத்தெறக்கி ஒட்டிய கிடார்

திருப்பூரில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரிலும், காற்றைத் தன் சொந்தப் பகையாளியாக நினைத்த ஒரே ஆசாமி எங்கள் காத்தெறக்கிதான். காற்று இருக்கிற இடத்தில் காற்று இருக்கிறதே என்று வயிறெரிகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமா, ஒரே கம்பெனியில் அவரோடு குப்பை கொட்டினேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் அது தெரியும். எங்கள் பனியன் கம்பெனியில் அயர்ன் மேசைகளுக்கும் பேக்கிங் மிஷின்களுக்கும் அவர் மெக்கானிக். நான் பேக்கிங் சூப்பர்வைசர். வெளிநாட்டுக் குளிருக்கென்று தைக்கிற கனத்த ஹூடிகளைப் பெட்டிக்குள் அடக்க, பையில் போட்டு வேக்கம் பம்ப்பால் காற்றை உறிஞ்சுவோம். தலையணை மாதிரி இருந்தது அப்பளமாகிவிடும். அந்த பம்ப் கம்பெனிக்குள் வந்ததிலிருந்து இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

"எல்லாக் கெடுதலுக்கும் காத்துதானுங்க காரணம். காத்த எடுத்துட்டீங்கன்னா எதும் கெடாது, எதும் ஆடாது" என்பார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இட்லியை வேக்கம் போட்டுக் கொண்டுவந்தார். பைக்குள் இருந்தது இட்லியா, சுவருக்குப் பூசுகிற பட்டியா என்று எங்களுக்குள் தகராறே வந்துவிட்டது.

"தின்னு பாருங்க. ருசி அப்படியே உள்ளயே நிக்குது."

"மெக்கானிக்கு, இத நாயிக்குப் போட்டாக்கூட இது என்னன்னு கேட்டுட்டுத்தான் மோந்து பாக்கும்" என்றேன்.

அவருக்கு உறைக்கவில்லை. அடுத்த வாரம் மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டு வாங்கி வந்து பம்ப்பில் மாட்டினார். முருங்கைக்காய்க்கு முனை உண்டு என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். பை இறுகியதும் முனை குத்திக்கொண்டு வெளியே வந்தது. மனிதர் விட்டாரா? மறுநாள் ஒவ்வொரு காய்க்கும் வெட்டுப் பனியன் துணியில் குல்லாய் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தலையில் அடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கை போதவில்லை.

இப்படிப்பட்டவர் கிடார் செய்யப் புறப்பட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவருடைய வீட்டுக்காரி ஸ்டெல்லா அக்கா, எங்கள் செக்கிங் செக்ஷனில் இருந்தார். வாய் என்றால் அது வாய். எல்லாவற்றுக்கும் இடதுகைதான். சின்ன வயதில் சர்ச்சில் யாருடைய கிடாரையோ தலைகீழாகப் பிடித்து, கம்பியை மாற்றிக் கட்டி வாசிக்கப் பழகியவர். கல்யாணம், குழந்தை, ஷிப்ட் என்று அதோடு விட்டுப்போயிற்று. பாட்டுக் குழுவில் கிடார் வாசித்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, கிறிஸ்துமஸுக்கு நீ வாசிக்கிறாயா என்று பாதிரியார் அக்காவைக் கேட்டார். அதற்குள் இடதுகைக் கிடார் ஒன்று கைக்கு வந்தால் அக்கா. வராவிட்டால் பாதிரியாரின் மச்சானும் அவருடைய கீபோர்டும்.

"அந்தாளு பட்டனத் தட்டிப்போட்டு கையக் கட்டிட்டு நிப்பானுங்க. டொம்மு டொம்முன்னு அதுவே அடிச்சுக்கும். நான் அதுக்குப் பின்னால நின்னு வாயசைக்கோணுமாக்கும்" என்று அக்கா பொரிந்து தள்ளுவார். ஆனால் பனியன் பீஸைப் புரட்டிப் பார்க்கிற நேரத்திலும் வலதுகை விரல்கள் மேசை விளிம்பில் கம்பி இருக்கிற மாதிரி அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அம்மாளுக்கு எவ்வளவு ஆசை என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

காத்தெறக்கியும் பார்த்துவிட்டார். கோயமுத்தூர்க் கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். அதைச் செய்தால் அவர் எப்படிக் காத்தெறக்கி ஆவார்?

"கடைக் கிடாரு எதுக்குங்க? நானே செஞ்சு போடறன்."

பாட்டுக்கும் பஸ் ஹாரனுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்! போனில் வீடியோ பார்த்தார். உடம்பையும் கழுத்தையும் மரம் அறுத்து அவரே செய்தார். கிடார் ரிப்பேர்க் கடையில் கெஞ்சி மெல்லிசான மேல்பலகை மட்டும் வாங்கினார். அதன் அடியில் விலா எலும்பு போலச் சின்னச் சின்ன மரச்சட்டங்கள் ஒட்ட வேண்டுமாம். கம்பி இழுக்கிற இழுப்பைத் தாங்குவது அவைதானாம். இடதுகைக் கிடார் என்றால் சட்டங்களும் அப்படியே மாறிச் சாய வேண்டுமாம்.

"பசையத் தடவி மேல ஒரு அம்மிக்கல்லத் தூக்கி வைங்க. தீந்துது" என்றேன்.

கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "கல்லு ஒரு பக்கம் அமுத்தும், ஒரு பக்கம் உட்டுரும். பைக்குள்ள வெச்சு காத்த இழுத்தம்னா, வெளிக்காத்து எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல அமுத்துமுங்க. அதுக்கு ஈடா எந்தக் கல்லுங்க இருக்குது?"

முதலாளியிடம் என்ன சொல்லி மயக்கினாரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் பம்ப்பை ஓட்ட அனுமதி வாங்கிவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். சட்டங்களில் பசை தடவி, அடுக்கி, பெரிய பாலி பேக்குக்குள் நுழைத்து, வாயை ஒட்டி, பம்ப்பைப் போட்டார். பம்ப் கதறியது. பை அசையவே இல்லை. ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். டேப்புக்கு மேல் டேப் ஒட்டினார். பம்ப்பைத் திட்டினார், டேப் விற்றவனைத் திட்டினார். பசை காய்ந்து சட்டமெல்லாம் கோணிக்கொண்டது.

சோறு கொண்டுவந்த அக்கா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "ஏனுங்க, அது எக்ஸ்போர்ட்டுப் பையல்லங்க? ஓட்டை இருக்குமே!"

இருக்கும்தான். வெளிநாட்டுக் குழந்தைகள் விளையாட்டாகத் தலையில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டக் கூடாதென்று, சரக்கு எடுக்கிற பையர் கேட்கிற சாதாரணப் பையிலெல்லாம் ஓட்டை இருந்தே ஆக வேண்டும்; வேக்கம் போடுகிற தடித்த பைக்கு மட்டும்தான் விலக்கு. ஒருதடவை ஓட்டையில்லாமல் பை வந்து இறங்கியபோது, ஆணி அடித்த கட்டை ஒன்று செய்து அத்தனை பையிலும் ஓட்டை போட்ட மகாராசனே இவர்தான்! விழுந்து விழுந்து சிரித்தேன். இவரெல்லாம் ஒரு மெக்கானிக்கு!

அடுத்த ஞாயிறு ஓட்டையில்லாத தடித்த பை. சட்டங்களைச் சுரண்டி எடுத்து மறுபடி பசை தடவினார். எல்லாம் சரி, பலகைக்கு நோகக் கூடாதென்று அடியில் அயர்ன் மேசை ஸ்பாஞ்சை வைத்தார் புண்ணியவான். காற்றுப் போனதும் ஸ்பாஞ்ச் சப்பிக்கொண்டது, பலகை அதோடு குழிந்தது, படக்கென்று ஒரு சத்தம். நடுவில் பிளந்துவிட்டது.

அன்று நான் சிரிக்கவில்லை. அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்த வாயிலிருந்து ஒரு வசவாவது வரும் என்று காத்திருந்தோம். "போச்சாதுங்க, உடுங்க. அந்தாளே பட்டனத் தட்டட்டும். சோத்த உண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. புதுப் பலகை, கெட்டியான மட்டப் பலகை மேல் வைத்து, மூன்றாவது முயற்சி. உடன் நானும், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்த வடக்கத்தி அயர்ன் மாஸ்டர் பப்லுவும். பை கச்சிதமாக இறுகியது. ஒவ்வொரு சட்டமும் பிளாஸ்டிக்குக்குள் அழுந்தி நின்றது. காத்தெறக்கி மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்த நேரத்தில் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் அறைச் சாவி முதலாளி வீட்டில். பசை பிடிக்க இன்னும் நேரம் வேண்டும். பை மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தது.

"கல்லத் தூக்கி வைங்க மெக்கானிக்கு! இப்பவாச்சும் சொன்னதக் கேளுங்க!" என்று கத்தினேன்.

கேட்டால்தானே? பம்ப்பிலிருந்து குழாயைப் பிடுங்கினார். வாயில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்! இழுப்பதும், குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவதும், மறுபடி இழுப்பதும். கன்னம் இரண்டும் ஒட்டி, கண் பிதுங்கி, முகம் பீட்ரூட்டாகிவிட்டது. இந்த வயதில் இது தேவையா? உயிர் போனால் அந்த அம்மாளுக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா?

"அண்ணா, குடு. நம்ம இழுக்கும்" என்று பப்லு வாங்கினான். அவனுக்கும் தலை சுற்றியது. மிச்சம் இருந்தது நான். ரப்பர் நாற்றம், இரண்டு பேர் எச்சில். திட்டிக்கொண்டே உறிஞ்சினேன், மூச்சு விட்ட போதெல்லாம் மறுபடி திட்டினேன்.

அந்தக் கோலத்தில்தான் அக்கா உள்ளே வந்தார். மூன்று ஆம்பளைகள் ஒரு குழாயை மாற்றி மாற்றிச் சப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அட கருமமே! என்னுங்க இது?"

"பலகை... உன்ற கிடாரு புள்ள... காத்துப் பூந்துரும்..." என்று இரைக்க இரைக்கச் சொன்னார் காத்தெறக்கி.

அக்கா சோற்றுப் பையைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். "கொண்டாங்க இங்க. நீங்கல்லாம் பீடி குடிக்கற மூச்சு. நான் பாடற மூச்சு" என்று என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினார். இழுத்தார் பாருங்கள் ஒரு இழுப்பு! பை சுருக்கென்று இறுகியது. கரண்ட் வரும் வரை வேறு யாருக்கும் அந்த அம்மாள் குழாயைத் தரவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நானும் போனேன். எனக்குச் சர்ச்சில் என்ன வேலை? முதல் பாட்டிலேயே அது படாரென்று பிளக்கும், அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன். அக்கா அந்தப் பழுப்புக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். பாலிஷ் திட்டுத் திட்டாக இருந்தது. கழுத்துக் கொஞ்சம் கோணல். பாதிரியாரின் மச்சான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா இடதுகையால் கம்பியைத் தட்டினார். நான் கெட்டியாகக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் பிளக்கவில்லை. சர்ச் முழுக்கக் கேட்கிற மாதிரி கணீரென்று ஒலித்தது, பலகை தாங்கி நின்றது. கண்ணைத் திறந்தபோது அக்கா பாடிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் காத்தெறக்கி, நல்லாயிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், கேட்கிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர். அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நானாகத்தான் அவர் தோளைத் தொட்டுச் சொன்னேன்: "அந்தக் கிடாரு கடையில வாங்கினதில்லீங்க. எங்க அண்ணன் செஞ்சதுங்க."