செம்பாயி திட்டாத நாள்

மலைக்கு அந்தப் புறம் கோவேங்கை என்றொரு நாடு. அங்கே தேர்தல் தவறாமல் நடக்கும். அரசர் மட்டும் மாற மாட்டார்.

அந்த நாட்டு மனநல மருத்துவர் கோமளவல்லிக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரையும் நோயாளி என்று சொல்வதற்கு முன் அவர்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிடுவார். அந்த ஆளுக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறதா, மற்றவர்களோடு ஒட்டி வாழ முடிகிறதா என்று பார்ப்பார். அது குலைந்திருந்தால்தான் நோய். கோபமும் பிடிவாதமும் அதற்குப் பிறகு கவனிக்க வேண்டிய சுபாவங்கள்.

வாக்குச்சாவடியில் ஒரே வேட்பாளரின் படத்தைப் பார்த்த மீன்காரி செம்பாயி, "இன்னொருத்தன எங்கடா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு நோய் என்று சான்றளிக்கும்படி உத்தரவு வந்தது.

கோமளவல்லி அவள் வீட்டில் சாப்பிட்டார். செம்பாயியின் செத்துப்போன தங்கை மகள் மரகதமும், முந்தின நாள் செம்பாயியோடு மயிரைப் பிடித்துச் சண்டையிட்ட பக்கத்துக் கடைக்காரியும் ஒரே சட்டியிலிருந்து குழம்பு ஊற்றிக்கொண்டார்கள்.

"என் வாய் பொல்லாததுதான் டாக்டரம்மா. படுத்தா வெட்கமா இருக்கும். விடிஞ்சா மறுபடி ஆரம்பிச்சிடுவேன்" என்றாள் செம்பாயி.

நோய் இல்லை என்றார் கோமளவல்லி. நல்லெண்ண அமைச்சர் வச்சிரவேலர் வருந்தினார்.

"வாழ முடிகிறதா என்பது அவரவர் சொந்த விஷயம், அம்மையீர். சுபாவம்தான் அரசாங்கத்தின் விஷயம்."

இனி சுபாவத்தை வைத்தே நோயைத் தீர்மானிக்க வேண்டும், வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஆணை பிறந்தது. செம்பாயியை மருத்துவமனையில் அடைக்கும் சான்றில், ஒரு மாதத்தில் வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நம்பிக் கோமளவல்லி கையெழுத்திட்டார். உறவினர் வந்தால் பழைய சுபாவம் திரும்பும் என்று அடுத்த ஆணை பார்வையாளர்களைத் தடுத்தது. பேச ஆளிருந்தால் சண்டை வரும் என்று அதற்கடுத்த ஆணை தனியறை கொடுத்தது.

அடுத்த தேர்தலுக்குச் செம்பாயியை வெளியே அழைத்து வந்தார்கள். பசிக்கிறதா என்று கோமளவல்லி கேட்டார். அவள் காவலரின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்போதுதான் இவளுக்கு நோய்" என்றார் கோமளவல்லி.

"கோபம் இருக்கிறதா? சந்தேகம்? பிடிவாதம்?" என்று அமைச்சர் பொறுமையாகக் கேட்டார். "பிறகென்ன நோய், அம்மையீர்?"

பூரண நலம் என்று அறிவித்து, மாலை போட்டு, அவளை வாக்குச்சாவடிக்கு நடத்திப் போனார்கள். மரகதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, மீன்கூடையை அவள் காலடியில் வேண்டுமென்றே கவிழ்த்தாள்.

"திட்டு பெரியம்மா" என்றாள்.

செம்பாயி மீன்களை மிதித்துக்கொண்டு, காவலர் கைகாட்டிய பக்கம் நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் அதிகாரிகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள்.