அது ஒரு வகை ஆயுதம்

எதைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடும் மனிதர்கள் ஓர் இனம். அகராதி வைத்திருப்பவர்களைச் சொல்லவில்லை, அகராதியே தேவைப்படாதவர்களைச் சொல்கிறேன். நம் வரதராஜ் அந்த இனம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். முதலாம் எலிசபெத் ராணி காலத்து ராஜா நாடகங்களுக்கென்றே வாய்த்த குரல். கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வழியே மலையைப் பார்த்து, லண்டன் அதற்குப் பின்னால்தான் இருப்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டு, அவர் வசனத்தை முழங்க ஆரம்பித்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். நடுவில் வழக்கொழிந்த சொல் ஏதாவது குறுக்கே வந்தால்? புத்தகத்தின் கடைசியில் அருஞ்சொற்பொருள் இருக்கிறது. புரட்ட மாட்டார். மாணவர்கள் எதிரில் புரட்டினால் மரியாதை என்ன ஆவது? "அந்தக் காலத்து ஒரு வகை ஆயுதம்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார். பாதிக்குப் பாதி சரியாகவும் இருந்துவிடும். ராஜா நாடகம் அல்லவா, பக்கத்துக்குப் பக்கம் வெட்டுக்குத்து.

தளவாய்புரத்து மாரிச்செல்விக்கு இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. தேறிவிட்டால் சோழபுரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுந்து, 'பால்ஃப்ரி' என்றால் என்ன என்று கேட்டாள்.

"ஒரு வகை ஆயுதம்மா."

"ராசா அது மேல ஏறிப் போறாருன்னு போட்டிருக்கே சார்?"

"அம்புட்டுப் பெரிய ஆயுதம்."

பால்ஃப்ரி என்பது சாதுவான சவாரிக் குதிரை. பரீட்சையில் அந்தக் காட்சியைத்தான் பெரிய கேள்வியாகக் கேட்டார்கள். ராஜா ஆயுதத்தின் மேல் ஏறி ஊர்வலம் போன வைபவத்தை மாரிச்செல்வி பக்கம் பக்கமாக எழுதினாள். தேறவில்லை. வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. எனக்கு மனசே ஆறவில்லை.

"நீங்க சொன்னதத்தான சார் எழுதுனேன். அது குதிரையாம்லா," என்று வந்து நின்றாள்.

வரதராஜ் அசரவில்லை. "யுத்தத்துல குதிரையும் ஆயுதம்தானேம்மா. நீதான் விளக்கமா எழுதலை."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மார்கழியில், ஆண்டாள் சந்நிதியில் கைகூப்பி நின்று பாசுரத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தீர்களே, ஒரு பழஞ்சொல்லைப் பிடித்துக்கொண்டு உங்கள் மகள் "அப்படின்னா என்ன?" என்று கேட்டாள். ஆட்டிய தலையை நிறுத்தாமல் என்ன சொன்னீர்கள்?

"பெருமாளோட நகை ஒண்ணு."

நல்லது. அவளுக்குத் தமிழ்ப் பரீட்சை எப்போது என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.