மச்சான் இல்லாத ஊர்

அரசாங்கச் செலவில் ஊர் போகிற இந்த வருஷ எல்.டி.சி. லீவுக்கு மச்சான் இல்லாத ஊருக்குத்தான் போவது என்று சபதம் செய்தேன். அந்தமானில், எங்கள் ரங்கத் பஸ் ஸ்டாண்டில், பஸ் இரைச்சலுக்கு நடுவில் செய்தேன். வீட்டில் சபதம் செய்கிற தைரியம் எனக்கேது?

என் மனைவி வசந்தகுமாரியின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. சிலர் அந்தமானில் இறங்கினார்கள். அவளுடைய அண்ணன்மார் நால்வர் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நால்வரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அரசாங்கம் தருகிற லீவில் நான் கடல் தாண்டிப் போய், “உங்க ஆடு அவங்க கீரையை மேஞ்சிடுச்சாம்” என்று வீடு வீடாகச் சேதி சொல்லிவிட்டு, எல்லா வீட்டிலும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். இதற்குப் பெயர் விடுமுறை.

“வசந்தி, மனசுக்கு அமைதி வேணும். இந்தத் தடவை புத்த கயா போவோம்.”

“புத்த கயாவா?”

“புத்தர் ஞானம் அடைஞ்ச இடம்டி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஜனங்க போயிட்டு வர்ற புண்ணிய பூமி!”

“அப்ப கோத்தகிரி?”

“அது எங்க ஓடிடப் போகுது?”

சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டினேன். அவளோ, “ஏக்தம், ரொம்ப நல்ல யோசனைங்க” என்றாள். கல்யாணமான நாளாக என் யோசனை எதுவும் நல்ல யோசனையாக இருந்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நானோ பெருமையில் ரெண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

கிளம்புகிற அன்று ஒரு மூட்டை நாறியது.

“புத்தர் கோயிலுக்கு எதுக்குடி கருவாடு? உயிரைக் கொல்லக் கூடாதுன்னு சொன்ன மகான்டி அவரு!”

“நான் எங்க கொன்னேன்? செத்ததைத்தானே கட்டியிருக்கேன்.”

பாராடாங்கில் படகு, போர்ட் பிளேரில் கல்கத்தா கப்பல். கப்பலில் நான் வாந்தியெடுத்தேன். அவள் மூட்டைக்குக் காவல் இருந்தாள்.

ஆனால் புத்த கயா! அடடா! வானம் தொடுகிற கோயில். பக்கத்தில் போதி மரம். வெள்ளை உடுத்திய இலங்கை யாத்ரீகர்கள் பூவோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் கண்ணை மூடினேன். ஒரு ஆடு இல்லை, ஒரு கீரை இல்லை. ஜென்மத்தில் அப்படி ஒரு நிம்மதி கண்டதில்லை.

“மச்சான்!”

கண்ணைத் திறந்தேன். கையில் பெரிய கரண்டியோடு ஒருவர். வசந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“எங்க பெரியப்பா மகன் செல்லதுரை அண்ணங்க! கப்பலேறாம இலங்கையில ஹட்டன்லயே தங்கிட்டாரு. இத்தனை வருஷமா போன்ல குரல்தான் கேட்டேன், இப்பத்தான் முகத்தைப் பார்க்கறேன்.”

“இவர் இங்க இருப்பாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“வருஷா வருஷம் யாத்ரீகர்களுக்குச் சமைக்க வர்றாருங்க. உங்களை எப்படி இங்க இழுத்துட்டு வர்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். நீங்களே வாயைத் திறந்தீங்க!”

நான் கப்பலேறிய மச்சான்களை மட்டும் எண்ணியிருந்தேன். ஏறாதவர்களை மறந்துபோனேன்.

கருவாடு அவர் கைக்குப் போனது. கரண்டி என் கைக்கு வந்தது.

“நூறு பேருக்குப் பருப்பு. அடிபிடிக்காம பார்த்துக்கங்க மச்சான். அப்படியே கோத்தகிரிக்காரங்ககிட்ட, செல்லதுரை இன்னும் கோவமாத்தான் இருக்கான்னு சொல்லிடுங்க.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். போதும் சம்சாரம்! மரத்தடியில் காவியுடுத்திய பிக்கு ஒருவர் கண்மூடி அமர்ந்திருந்தார். அந்த முகத்தில்தான் என்ன சாந்தம்! தடாலென்று காலில் விழுந்து, எனக்குத் தெரிந்த அந்தமான் ஹிந்தியில் கதறினேன்: சாமி, சொந்தம் பந்தம் எதுவும் வேண்டாம், என்னையும் துறவியாக்கிவிடுங்கள்!

பிக்கு மெல்லக் கண் திறந்தார். கருணையோடு சிரித்தார்.

“எழும்புங்க மச்சான். தங்கச்சி சுகமா இருக்கா?”