நான் பாடினேன், சபை எழுந்தது

மேடை ஏறுவதற்கு ஆசை இருந்தால் போதும், மற்றதெல்லாம் ஏறின பிறகு தானாக வரும் என்று நினைக்கிற வயது ஒன்று எல்லோருக்கும் உண்டு. எனக்கு அது பத்தொன்பது வயதில் வந்தது. என் அண்ணன் சந்துருவுக்கும் அதே சமயத்தில்தான் வந்தது. (அவனுக்கு இன்னும் போகவில்லை என்று அண்ணி சொல்கிறாள்.)

மைசூரில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பா பணிமனையில் ஃபோர்மேன். மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று புதுப்பெயர் வந்து அதிக நாளாகவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் பழக்கதோஷத்தில் 'மைசூர் ராஜ்ய' என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். எங்கள் காலனி ஹாலில் மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் 'முக்த வேதிகெ' நடக்கும். திறந்த மேடை என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டுப் பாடலாம், ஆடலாம், ரயில் என்ஜின் மாதிரிக் கத்திக் காட்டலாம். (கைதட்டல் அதிகம் வாங்கியவர் என்ஜின்காரர்தான். நாள் முழுக்க நிஜ என்ஜினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர்கள் சாயங்காலம் அதையே காசில்லாமல் கேட்டு ஏன் மகிழ்ந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

அந்த மேடையை நம்பித்தான் நாங்கள் ஒரு கோஷ்டி ஆரம்பித்தோம். சந்துரு கிதார் வாசிப்பான். அவனுக்கு இடது கையால் மூன்று பிடிதான் தெரியும். நான்காவது பிடி வீண் ஆடம்பரம் என்பது அவன் அபிப்பிராயம். அவனுடைய சிநேகிதன் மஞ்சுநாத் மவுத் ஆர்கன். மஞ்சுவின் அப்பா மண்டி மொஹல்லாவில் ஊதுபத்திக் கடை வைத்திருந்தார், அதனால் ஒத்திகைக்கு மஞ்சு வந்தால் தெருமுனையிலேயே மல்லிகை வாசனை வந்துவிடும். பாட்டு நான். மின்சாரத்தில் ஓடும் வாத்தியம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வாங்க வக்கில்லை என்று சொல்லாமல், அது எங்கள் கொள்கை என்று சொல்லிக்கொண்டோம். கோஷ்டிக்கு 'நிலா மூவர்' என்று பெயர்.

பாட்டும் சந்துருவே எழுதியதுதான். முதல் சரணம் தமிழ், இரண்டாவது சரணம் கன்னடம். இரண்டிலும் நிலா வரும், மேகம் மறைக்கும், யாரோ அழுவார்கள். கன்னடச் சரணத்தை மஞ்சு திருத்திக் கொடுத்தான். திருத்தின பிறகு அழுவது யார் என்பதே மாறிப்போயிற்று, ஆனால் மெட்டில் உட்கார்ந்ததால் அப்படியே விட்டுவிட்டோம்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாங்கள் மேடை ஏறிய அந்தச் சனிக்கிழமை எங்களுடையதே அல்ல, அம்மாவுடையது.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஈரோட்டில் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவள். கச்சேரி செய்யலாம் என்று வாத்தியார் சொல்லிய சமயத்தில் அப்பாவின் ஜாதகம் வந்தது. அதற்குப் பிறகு அவள் பாடினது சமையலறையிலும் பூஜை அலமாரிக்கு முன்னாலும்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். ரயில் வந்தால் அம்மா பாதி வரியில் நிறுத்திவிடுவாள். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து, விட்ட எழுத்திலிருந்தே எடுப்பாள். வெளியே ஒரு தடவை பாடிப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. சந்துரு வளரட்டும், ராஜி (நான்தான்) வளரட்டும், இந்த மாற்றல் முடியட்டும், அடுத்த தடவை பார்க்கலாம். அப்பா கெட்டவர் இல்லை. என்ஜின் சத்தம் தவிர வேறு சத்தம் காதில் விழாத மனிதர், அவ்வளவுதான்.

எங்களைப் பார்த்துத்தான் அம்மாவுக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும். இதுகளே ஏறுகிறபோது நாம் ஏறினால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா? ஒருநாள் எங்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நானும் பேர் குடுத்துட்டேன்டா."

சந்துருவுக்குப் புரை ஏறியது.

"நீங்க மூணு பேரும் எனக்கு முன்னாடி பாடிடுங்க. உங்க கிதாரப் பாக்கவாவது நாலு பேரு வந்து உக்காருவாங்க. ஹால் நெறைஞ்சதும் நான் பாடறேன்."

அதாவது கூட்டம் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. அதை நாங்கள் எப்படிச் செய்தோம் என்பதுதான் இந்தக் கதை.

சனிக்கிழமை காலையிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மிளகுப் பால் மட்டும் குடித்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் வெளியே வரும் பச்சைப் பட்டுப்புடவை வெளியே வந்தது. அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன், பானைத் தண்ணீர் மாதிரிச் சில்லிட்டிருந்தது. அப்பா பணிமனை ஆட்கள் பாதிப் பேரை வரச்சொல்லியிருந்தார். (வரச்சொன்னார் என்பது மரியாதைக்கு. ஃபோர்மேன் சொன்னால் வந்துதானே ஆகவேண்டும்?)

ஹால் நிறைந்துவிட்டது. உண்மையிலேயே நிறைந்துவிட்டது. மேடை ஓரத்து பெஞ்சில் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். இருந்த ஒரே மைக்கை என் வாய் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார் காரியதரிசி ராமண்ணா. நாங்கள் ஆரம்பித்தோம்.

முதல் சரணம் பழுதில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுததைத் தவிர எதிர்ப்பு ஒன்றும் இல்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் சந்துரு தலையை ஆட்டிக்கொண்டு ஒரு வீச்சு வீசினான். டொய்ங் என்று கிதாரின் தந்தி அறுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். திரும்பியிருக்கக் கூடாது. பார்வையைச் சபைப் பக்கம் கொண்டுவந்தபோது கன்னடச் சரணம் முழுதும் மண்டையிலிருந்து இறங்கிப் போயிருந்தது. நிலாவைக் காணோம். மேகத்தைக் காணோம். அழுகிறவரையும் காணோம். (அந்த இடத்துக்கு நான் வந்துகொண்டிருந்தேன்.)

மஞ்சு நல்லவன். நடுவில் வரும் வாசிப்பைத் திரும்ப வாசித்தான். மறுபடியும் வாசித்தான். அவன் முகம் சிவக்க ஆரம்பித்தது. சந்துரு பல்லைக் கடித்துக்கொண்டு, "பாடுடி! எதையாவது பாடித் தொலை!" என்றான்.

கண்ணை மூடிக்கொண்டேன். எதையாவது என்றால் எதை? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வார்த்தை பிசகாமல் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தினமும் விளக்கேற்றிப் பூஜை முடிந்ததும் அம்மா பாடுகிற பாட்டு. பிறந்ததிலிருந்து கேட்டது. அதை எடுத்தேன்.

என்ன ஆச்சரியம்! மஞ்சுவுக்கும் அது தெரிந்திருந்தது. அவன் வீட்டிலும் அதையேதான் பாடுவார்களாம். மவுத் ஆர்கன் குழைந்து குழைந்து கூட வந்தது. அறுந்த தந்தி இல்லாததால் சந்துருவின் கிதாரும் ஒழுங்காகப் பேசிற்று. நிலா மூவர் மூன்று பேரும் ஒரே சுருதியில் இருந்தது அந்த ஒரு தடவைதான். எனக்கே உடம்பு புல்லரித்தது. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

சபை முழுக்க எழுந்து நின்றது.

என் வாழ்நாளில் அவ்வளவு பெருமை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கை கூப்பி, இடுப்பு வரை குனிந்து வணங்கினேன். சந்துருவும் குனிந்தான். பத்தவில்லை என்று இன்னொரு முறை குனிந்தோம். நிமிர்ந்தபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் ஃபிளாஸ்க்கை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பையனை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருடா. மங்களம் பாடிட்டாங்க, வீட்டுக்குப் போலாம்."

மங்களம்! நான் பாடினது மங்களம்! எந்தக் கச்சேரியானாலும் மங்களம் பாடியாயிற்று என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் இன்னொருவர் பாடுவது முறையில்லை, நல்லதும் இல்லை என்பார்கள். தமிழரும் கன்னடியரும் தகராறில்லாமல் ஒத்துப்போகிற விஷயங்களில் அது ஒன்று. வாசல் பக்கம் செருப்புத் தேடும் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

அம்மாவைப் பார்த்தேன். சுருதிப்பெட்டியின் மேல் கையை வைத்தபடி, காலியாகிற நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவளுக்குக் கூட்டம் சேர்த்துத் தருகிறேன் என்று ஏறி, அந்தக் கூட்டத்தை நானே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

ராமண்ணா ரொம்ப மரியாதையான மனிதர். அம்மாவிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டே, "மங்கள ஆய்த்தல்லம்மா… இன்னொந்து சல நோடோணா" என்றார். மங்களம் ஆகிவிட்டதே, இன்னொரு தடவை பார்க்கலாம் என்கிறார்.

இன்னொரு தடவை. அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அம்மா எழுந்து வீட்டுக்கு வந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

"மங்களம் ஆனது இவங்க கச்சேரிக்கு, ராமண்ணா. என் கச்சேரி இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றாள்.

சொல்லிவிட்டு மேடைக்கு வந்தாள். என்னை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினாள். மைக்கைப் பிடித்தாள்.

"என்னங்க!"

ஹால் முழுக்க எதிரொலித்தது. வாசலில் ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். (ஆமாம், அப்பாவும்தான் கிளம்பியிருந்தார். மங்களம் பாடியாயிற்றே!)

"எங்க கெளம்பிட்டீங்க? நான் இன்னும் பாடல. உக்காருங்க."

அம்மா நாலு பேர் முன்னால் அப்பாவிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. நாற்காலி தேடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபோர்மேன் தரையில் உட்கார்ந்த பிறகு ஃபிட்டர்கள் நிற்க முடியுமா? மளமளவென்று உட்கார்ந்தார்கள். அவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்ததால் மற்றவர்கள் வெளியே போக வழியில்லை. முணுமுணுத்துக்கொண்டே அவர்களும் நாற்காலிக்குத் திரும்பினார்கள். ஃபிளாஸ்க் அம்மாள் மறுபடி ஃபிளாஸ்க்கை எடுத்தாள்.

புதுக் கச்சேரி என்று சொல்லிவிட்டதால் அம்மா முறைப்படி பிள்ளையார் பாட்டிலிருந்து தொடங்கினாள். ஒரே ஒரு பாட்டுக்குப் பெயர் கொடுத்தவள், ஆரம்பித்த கச்சேரியை நடுவில் விட முடியுமா? ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக்கொண்டே போனாள். முதல் பாட்டில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் நடுக்கம் போயிற்று. மூன்றாவது பாட்டின் நடுவில் வெளியே ரயில் ஊதியது. அம்மா பழக்கப்படி பாதி வரியில் நிறுத்திவிட்டாள். வேறு ஊரில் என்றால் சிரித்திருப்பார்கள். இவர்கள் ரயில்வேக்காரர்கள். யாரும் அசையவில்லை. கடைசிப் பெட்டி போகும்வரை ஹால் முழுக்கப் பொறுமையாகக் காத்திருந்தது. வண்டி போனதும் அம்மா விட்ட எழுத்திலிருந்து எடுத்தாள். அப்போது எழுந்த கைதட்டல் என்ஜின்காரருக்குக்கூடக் கிடைத்ததில்லை.

கடைசியில் அம்மாவே மங்களம் பாடினாள். மறுபடியும் சபை எழுந்தது. இந்தத் தடவை யாரும் செருப்புத் தேட அவசரப்படவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா சுருதிப்பெட்டியை வாங்கித் தன் கையில் எடுத்துக்கொண்டார். பாதி வழி வந்த பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த அரசிகெரெ வண்டி இன்னிக்கு லேட்டு. ஆனா நீ கரெக்டா எடுத்தே" என்றார். அப்பாவின் வாயிலிருந்து வந்த சங்கீத விமரிசனம் அது ஒன்றுதான். அம்மா அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

அதற்கப்புறம் அம்மா அந்த மேடையில் அடிக்கடி பாடினாள். நிலா மூவர் அதோடு அஸ்தமித்தது. மஞ்சு அப்பாவின் கடைக்குப் போனான், சந்துரு வங்கிக்குப் போனான். ராமண்ணா மட்டும் எங்களை மறக்கவில்லை. ஒவ்வொரு முக்த வேதிகெ தொடங்கும்போதும், கடைசியாகப் பாடுகிறவரைத் தவிர வேறு யாரும் தயவுசெய்து மங்களம் பாடக்கூடாது என்று கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை அறிவிப்பார். தமிழில் சொல்லும்போது என்னைப் பார்ப்பார்.

இப்போது அம்மா எண்பதைத் தாண்டிவிட்டாள். விஜயநகரில் சந்துரு வீட்டில் இருக்கிறாள். அங்கே வருகிற விருந்தாளிகள் பேசிப் பேசி உட்கார்ந்துவிட்டால், கொட்டாவி விட மாட்டாள், மணி பார்க்க மாட்டாள். என் பக்கம் திரும்பி, "ராஜி, ஒரு பாட்டுப் பாடேன்" என்பாள். கதை தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். கதை தெரியாதவர்களுக்குச் சந்துரு உட்காரவைத்து முழுவதும் சொல்லுவான், அதில் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். என் பேத்திகூடச் சாப்பாட்டு மேஜையிலிருந்து தப்பிக்க வேண்டுமானால், "பாட்டி, பாடு" என்கிறாள்.

போன வாரம் போயிருந்தபோது வேறு யாரும் இல்லை. அம்மாவும் நானும்தான். இருட்டிக்கொண்டு வந்தது, கிளம்பலாம் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு, விளையாட்டுக்கு அந்த மங்களத்தின் முதல் வரியை முணுமுணுத்தேன். அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பாடாதேடி. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ" என்றாள்.